குழந்தைகளுக்கான சத்திரசிகிச்சையும் சமூக உறவுகளும்: உகண்டா பற்றிய சில குறிப்புகள்

வறிய நாடுகளின் சுகாதார நிலை பற்றி எழுதுவோர் ‘தாமதம்’ என்னும் சொல்லைப் பெரிதும் கையாளுகின்றனர். முடிவெடுத்தலில் தாமதம், வைத்தியசாலையை அடைதலில் தாமதம், அடைந்தபின் சிகிச்சை பெறுதலில் தாமதம் என, மகப்பேற்று மரணங்களை விளக்குவதற்காக 1994இல் வகுக்கப்பட்ட பாகுபாடு இன்று குழந்தைகளின் சத்திரசிகிச்சை பற்றிய ஆய்வுகளிலும் வழங்குகின்றது. பயனுள்ள பாகுபாடுதான். ஆயின் இலக்கிய மாணவராகிய நமக்கு இவ்வாக்கியங்களின் எழுவாய் உறுத்துகின்றது. தாமதித்தவள் பெரும்பாலும் தாயே. அரசோ சந்தையோ கடன் கொடுத்தோரோ எழுவாயாக வருவது அரிது. உகண்டாவில் ஒரு நோயைக் கொண்டு இதனை நோக்கலாம்.

மூளையறைகளில் நீர் தேங்கித் தலை பெருக்கும் நோய் குழந்தைகளைப் பீடிப்பது. கிழக்கு உகண்டாவின் எம்பாலே நகரில் 2000ஆம் ஆண்டையடுத்துப் பணியாற்றிய அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் பெஞ்சமின் வோர்ஃப், தம்மிடம் வந்த குழந்தைகளுள் ஏறத்தாழ 60 வீதத்தினருக்கு இந்நோய் தொற்றின் விளைவாகவே ஏற்பட்டதை 2005இல் எடுத்துக்காட்டினார். அத்தொற்றும் பலருக்குப் பிறந்த முதன் மாதத்திலேயே ஏற்பட்டிருந்தது. எனவே தலையில் சத்திரசிகிச்சை செய்யவேண்டிய தேவை, பிறப்பின் சூழலிலேயே தோன்றிவிடுகின்றது எனலாம்.

மூளையறையிலிருந்து வயிற்றறைக்கு நீரை வடிக்கும் குழாயொன்றைத் தோலின் கீழ்ப் பொருத்துவதே வழமையான சிகிச்சை. மேலைநாட்டுக் குழாயொன்றின் விலை அப்போது 650 டொலர். இந்தியாவிற் செய்யப்பட்ட சாப்ரா குழாயின் விலை 35 டொலர். எம்பாலேயில் 195 குழந்தைகளிடத்து இரண்டையும் ஓராண்டு ஒப்புநோக்கியபோது விளைவிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பயன்பாட்டுப் பெறுமதிக்கும் பரிமாற்றப் பெறுமதிக்கும் உள்ள இடைவெளியை மாணவருக்கு விளக்க இதனினும் தெளிவான உதாரணத்தை நாம் கண்டதில்லை.

எனினும் விலை மட்டுமே தடையன்று. குழாய் அடைபடலாம், அப்போது விரைந்து மறுசிகிச்சை வேண்டும். வைத்தியசாலைக்கு அண்மையில் வாழும் குழந்தைக்கு இது ஓர் இடையூறு. நெடுந்தொலைவிலுள்ள விவசாயியின் குழந்தைக்கு இதுவே மரணமாகலாம். ஆகவே வோர்ஃப் குழாயைத் தவிர்க்கும் ஒரு முறையை விருத்தி செய்தார். உள்நோக்கிக் கருவியினால் மூளையறையின் அடித்தளத்தில் துளையிட்டு நீருக்கு வழி செய்வதுடன், அந்நீரைச் சுரக்கும் இழையத்தையும் சுட்டு அடக்குவதே அம்முறை. 100 குழந்தைகளிடத்து நடத்தப்பட்டு 2017இல் வெளியான பரிசோதனையில், ஓராண்டின் பின் வளர்ச்சி நிலையில் இரு முறைகளுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. பாதையும் பயணச் செலவும் சத்திரசிகிச்சை நுட்பத்தையே மாற்றியமைத்தன என்பது மனங்கொள்ளத்தக்கது. இம்முறை பின்னர் வட அமெரிக்காவிலும் கைக்கொள்ளப்பட்டது.

இனிக் கட்டணம். நோயாளரிடம் கட்டணம் அறவிடும் கொள்கையை உலக வங்கி 1987இல் முன்வைத்தது. சர்வதேச நாணய நிதியத்தின் ஆதரவுடன் உகண்டா தன் பொருளாதார மீட்புத் திட்டத்தைத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. 1990களிற் பரவிய கட்டணம், 2001இல் அரசாங்க வைத்தியசாலைகளின் பொதுப் பிரிவுகளில் நீக்கப்பட்டது. வறியோர் கூடுதலாக வந்தனர். ஆனால் மிக வறிய குடும்பங்களை நிலைகுலையச் செய்யும் மருத்துவச் செலவு குறையவில்லை என 2006இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மருந்து அலுமாரி வெறுமையாயின் துண்டுடன் வெளிக்கடைக்குச் செல்லவேண்டும். பயணம், உணவு, வயலைவிட்டு நிற்கும் நாட்களின் இழப்பு, வீட்டில் விட்டுவந்த ஏனைய பிள்ளைகள் என்பன வேறு. இவற்றையெல்லாம் கணக்கிட்டுத் தயங்கும் தாயை அறியாமையுடையவள் என்பது எவ்வாறு பொருந்தும்? அவள் தன் நிலையை அறிக்கை எழுதுவோரினும் துல்லியமாக அறிந்தவள்.

எம்பாலே வைத்தியசாலை அமெரிக்கக் கிறித்தவ அறநிறுவனமொன்றினால் நடத்தப்படுவது. இத்தகையவற்றை ஏகாதிபத்தியக் கருவிகள் என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் நண்பர்கள் நம்மிடையே உளர். குழந்தையின் தலையில் தேங்கும் நீர் நமது விவாதம் முடியும்வரை காத்திராது. 2006இல் வோர்ஃப் நாடு திரும்பிய பின்னர் உகண்டா வைத்தியர்களே அப்பணியைத் தொடர்ந்தனர் என்பதையும் கூறவேண்டும். ஆயின் கொடையாகக் கிடைப்பதை உரிமையாகக் கோர முடியாது. எந்நோய்க்கு, எந்நகரில், எவ்வளவு காலம் என்பதைக் கொடுப்போரே தீர்மானிப்பர். 2001இல் அபுஜாவிற் கூடிய ஆபிரிக்க அரசுகள், தமது வரவுசெலவுத் திட்டங்களில் 15 வீதத்தையாவது சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக உறுதியளித்தன. கட்டணத்தை நீக்கிய அதே ஆண்டில் அவ்வுறுதியில் இணைந்த உகண்டா, பின்வந்த ஆண்டுகளில் அதனைக் காப்பாற்றவில்லை.