தம்மைக் காயப்படுத்திக்கொள்ளும் இளையோர்: உளச்சிகிச்சையாளர் செய்வது என்ன?

பிள்ளை தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதை அறியவரும் பெற்றோர் பலர் உளச்சிகிச்சையாளரிடம் முதலில் எதிர்பார்ப்பது ஒன்றே: “இனி இப்படிச் செய்யமாட்டேன்” என்று பிள்ளையிடம் அவர் வாக்குறுதி வாங்கித்தர வேண்டும். அவர் பெரும்பாலும் அப்படிக் கேட்பதில்லை. இவ்வளவு பாரதூரமான விடயத்தை அவர் இலேசாக எடுத்துக்கொண்டாரோ என்ற ஐயம் பெற்றோருக்கு எழுவது இயல்பே. உண்மையோ மறுதலையானது.

தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் இளையவர் எல்லோரும் சாக விரும்புபவர் அல்லர். தாங்க முடியாத மனவுணர்வைச் சற்று நேரமேனும் அடக்குவதற்கு அவர் கண்டுகொண்ட வழியாக அது இருக்கலாம். மரத்துப்போன மனத்தை உணரச் செய்வதற்கான முயற்சியாக இருக்கலாம். தனக்குத் தானே கொடுக்கும் தண்டனையாகவும் இருக்கலாம். எனினும் இத்தகையோரிடையே தற்கொலை அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால், எந்தவொரு காயத்தையும் “கவனத்தை ஈர்க்கச் செய்தது” என்று ஒதுக்கிவிட முடியாது. கட்டாயத்தின் பேரில் கொடுத்த வாக்கை மீறிய பிள்ளை, அடுத்த முறை அதை மறைத்துவிடும். மறைப்பவருக்கு உதவுவது மிகக் கடினம். ஆகவே பிள்ளை தொடர்ந்து பேசும் நிலையைக் காப்பதே சிகிச்சையாளரின் முதற்பணி.

அவர் கேட்கும் கேள்விகள் சிறியவை, பொறுமையானவை. அன்று காலை எப்படி விடிந்தது, யார் என்ன சொன்னார், அதைக் கேட்டதும் உடம்பில் என்ன உணரப்பட்டது, மனத்தில் ஓடிய எண்ணம் என்ன, பின்னர் என்ன நடந்தது என்று ஒரு நாளை அவர் படிப்படியாக விரித்துப் பார்ப்பார். பரீட்சைப் புள்ளி குறைகிறது. அன்று மாலை மச்சாளின் பெறுபேறு பற்றி வீட்டில் பேச்சு வருகிறது. பிள்ளை அறைக் கதவைச் சாத்துகிறது. “நான் எதற்கும் உதவாதவள்” என்ற எண்ணம் வருகிறது. இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் வேறொரு வழி இருந்திருக்கும் என்பதை இருவரும் சேர்ந்து தேடுவர். ஒரே சந்திப்பில் முடிகின்ற வேலை அல்ல இது.

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைனஹன் உருவாக்கிய ‘இயங்கியல் நடத்தைச் சிகிச்சை’ இந்த முறையைப் பெரிதும் பயன்படுத்துகிறது. ‘டி.பி.ரி.’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இச்சிகிச்சை, கடும் உணர்ச்சிக் கொந்தளிப்பைத் தாங்கிக்கொள்ளும் திறன்களைப் பயிற்சியாகக் கற்பிப்பது. தாமும் இளவயதில் தம்மைக் காயப்படுத்திக்கொண்டு நீண்டகாலம் மருத்துவமனையில் இருந்தவர் என்பதை லைனஹன் 2011இல் வெளிப்படையாகக் கூறினார். இளையோருக்கென மாற்றியமைக்கப்பட்ட டி.பி.ரி. சிகிச்சையை, அடிக்கடி தம்மைக் காயப்படுத்திக்கொள்வோருக்குப் பரிசீலிக்கலாம் என்று இங்கிலாந்தின் ‘நைஸ்’ நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. புள்ளியிட்டு “ஆபத்துக் குறைவு, ஆபத்து அதிகம்” என்று பிள்ளைகளை வகைப்படுத்த வேண்டாம் என்பதும் அதே வழிகாட்டலில் உள்ளது. அதற்குப் பதிலாகப் பிள்ளையின் சொந்தச் சொற்களில் ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதப்படும்: எந்த அறிகுறி தெரிந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது, வீட்டில் எப்பொருட்களைப் பூட்டி வைப்பது. அம்மம்மாவின் மருந்துப் பெட்டியும் இதில் அடங்கும்.

பெற்றோருடனும் சிகிச்சையாளர் பேசுவார். “உனக்கு நாங்கள் என்ன குறை வைத்தோம்?” என்ற கேள்வி அன்பிலிருந்தே பிறக்கிறது. பிள்ளையின் காதிலோ அது குற்றச்சாட்டாகவே விழுகிறது. “எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும், என்னிடம் சொன்னது நல்லது” என்று சொல்லிவிட்டு அமைதியாக அருகில் இருப்பது எளிதன்று, அதற்கும் பயிற்சி வேண்டும்.

இரகசியமும் அதன் எல்லையும்

பிள்ளை சிகிச்சையாளரிடம் கூறுவது பொதுவாகப் பெற்றோருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. 1985இல் பிரபுக்கள் சபை வழங்கிய தீர்ப்பின்படி, 16 வயதுக்கு உட்பட்டவராயினும் போதிய விளக்கம் உடையவர் தமது சிகிச்சைக்குத் தாமே சம்மதம் அளிக்கலாம். இது பல தமிழ்ப் பெற்றோருக்கு ஏற்கக் கடினமான விடயம். ஆனால் இந்த இரகசியம் முழுமையானது அல்ல. உயிருக்கு ஆபத்து இருப்பதாகவோ, யாரேனும் பிள்ளைக்குத் தீங்கு செய்வதாகவோ தெரிந்தால் சிகிச்சையாளர் உரியவர்களுக்கு அறிவிப்பார். இதனை அவர் முதற் சந்திப்பிலேயே பிள்ளைக்குச் சொல்லிவிடுவார். “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று அவர் ஒருபோதும் உறுதியளிப்பதில்லை.

பொலிஸ் வந்துவிடுமோ என்ற அச்சம் ஊரிலிருந்து வந்தது. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 வரை குற்றமாக இருந்தது. இங்கிலாந்தில் அது 1961இலேயே குற்றமல்ல என்றாயிற்று. சமூக சேவையாளர் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார் என்ற அச்சமும் உண்டு. 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின்படி பராமரிப்பு ஆணை வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது. பிள்ளைக்கு உதவி தேடிச் செல்வது பெற்றோருக்கு எதிரான சான்று அல்ல.

நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்பது இன்னொரு தயக்கம். என்.எச்.எஸ். வழங்கும் மொழிபெயர்ப்பாளர் சேவை இலவசமானது. மொழிபெயர்ப்பாளரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். உள்ளூர்த் தமிழர் வேண்டாம் எனில் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பைக் கேட்கலாம். பிள்ளையையோ அதன் சகோதரரையோ மொழிபெயர்க்க வைப்பது எவ்வகையிலும் தகாது.

உதவியை அணுகும் வழி

குடும்ப வைத்தியரோ பாடசாலையோ ‘காம்ஸ்’ எனப்படும் சிறுவர் மற்றும் இளையோர் உளநலச் சேவைக்குப் பரிந்துரைக்கலாம். காத்திருக்கும் காலம் நீளக்கூடும். அக்காலத்தில் நிலை மோசமானால் அதை மீண்டும் வைத்தியருக்கு அறிவித்தால் பரிந்துரையின் அவசரம் மறுபரிசீலனை செய்யப்படும். தனியாரிடம் பணம் செலுத்திச் செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ‘உளவளத்துணையாளர்’, ‘உளச்சிகிச்சையாளர்’ என்பவற்றின் ஆங்கிலப் பெயர்கள் பிரித்தானியாவில் சட்டத்தால் காக்கப்பட்டவை அல்ல. அவரது பெயர் பி.ஏ.சி.பி., யு.கே.சி.பி. போன்ற அங்கீகரிக்கப்பட்ட பதிவேட்டில் உள்ளதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

காயம் பட்டிருந்தாலோ, மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டிருந்தாலோ, பிள்ளை நலமாகத் தோன்றினாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். உயிராபத்து எனில் 999. சிறுவர் விடுதியில் ஓரிரவு தங்கவைப்பது தண்டனை அல்ல. உடல்நிலையையும் மனநிலையையும் ஆறுதலாகப் பார்ப்பதற்கே அது. வேறு அவசர உளநல உதவிக்கு 111ஐ அழைத்து 2ஐத் தெரிவு செய்யலாம். 19 வயதுக்கு உட்பட்டோர் சைல்ட்லைனை 0800 1111 என்ற இலக்கத்திலும், எவ்வயதினரும் சமாரிட்டன்ஸ் அமைப்பை 116 123 என்ற இலக்கத்திலும் இலவசமாக, எந்நேரமும் அழைக்கலாம். தற்கொலை எண்ணம் உள்ள இளையோர் மட்டுமன்றி, அவர்களைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோரும் பப்பிரஸ் அமைப்பின் 0800 068 4141 என்ற இலக்கத்தில் ஆலோசனை பெறலாம்.