மருந்துச் சீட்டின் மொழி

கொல்கத்தாவிலோ புனேயிலோ வாழும் நம்மவர்க்கு மருந்துக்கடைப் பலகையின் எழுத்து விளங்காதிருக்கலாம். ஆயினும் டாக்டர் எழுதும் சீட்டின் குறிகள் நாடெங்கும் ஒன்றே. அவை இலத்தீன் சொற்களின் சுருக்கம். 'பி.டி.' என்றால் நாளைக்கு இருவேளை, 'டி.டி.எஸ்.' மூவேளை, 'எச்.எஸ்.' உறங்கப் போகும்போது. 'எஸ்.ஓ.எஸ்.' என்பதிலேதான் எச்சரிக்கை வேண்டும். தேவைப்பட்டால் மட்டும் உண்க என்பது அதன் பொருள்; வலி நின்ற பின்னும் விழுங்குவோர் உண்டு!

மருந்து கொடுத்ததும் கடைக்காரர் சீட்டிலே தம் கடைப்பெயரும் தேதியும் குறிக்கவேண்டுமென்பது விதி. நுண்ணுயிர்க்கொல்லிகள் பல அடங்கிய 'எச்1' பட்டியல் மருந்தாயின், 2014 முதல் நோயாளியின் பெயரையும் தனி ஏட்டிற் பதிந்து 3 ஆண்டு காத்தல்வேண்டும். அயலார் என்ற ஐயத்தால் பெயர் கேட்கிறாரென்று வருந்தவேண்டா. பேச்சு விளங்காவிடில் குறியைச் சுட்டி, விரல்விட்டு வேளையைக் கேட்டு, மருந்து உறையின்மேல் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.