மின்கம்பியின் கனமும் தறிக்கூடத்தின் பாதுகாப்பும்

நூல் வாங்கும் நெசவாளர் எவரும் நம்பரைக் கேளாமல் வாங்குவதில்லை. 40-ஆம் நம்பர் நூல் 20-ஆம் நம்பர் நூலைவிட மெல்லியது என்பதும், 2/40 என்றால் 40-ஆம் நம்பர் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கியது என்பதும் நம் வீட்டுச் சிறுவர்களும் அறிந்த விஷயம். ஆனால் அதே நெசவாளர் தம் வீட்டுக்கோ தறிக்கூடத்திற்கோ மின்சார வேலை நடக்கும்பொழுது, "நல்ல ஒயராகப் பார்த்துப் போடுங்கள்" என்று ஒயர்மேனிடம் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார். மின்கம்பிக்கும் நம்பர் உண்டு. அந்த நம்பர் நூலின் நம்பரைப் பெரிதும் ஒத்திருப்பதால், அதைப் புரிந்துகொள்வது மற்றவர்களைவிட நம்மவர்க்கு எளிது.

நெடுங்காலம் நம் நாட்டில் கம்பியின் கனம் கேஜ் என்னும் அளவால் குறிக்கப்பட்டு வந்தது. நூலைப் போலவே கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 1/18 என்றால் 18 கேஜ் கம்பி ஒன்று; 3/20 என்றால் 20 கேஜ் கம்பி மூன்றைச் சேர்த்து முறுக்கியது; 7/20 என்றால் அதே கம்பி ஏழைச் சேர்த்து முறுக்கியது. முதிய ஒயர்மேன்கள் இன்றும் இக்கணக்கிலேயே பேசுவர். ஆனால் இப்பொழுது கடைகளில் கிடைக்கும் சுருள்களில், கம்பியின் குறுக்குப் பரப்பு எத்தனை சதுர மில்லிமீட்டர் என்பதே அச்சிடப்பட்டிருக்கும். 1, 1.5, 2.5, 4, 6 என்று அளவுகள் ஏறிக்கொண்டு போகும். பழைய 1/18 ஏறத்தாழ 1.2 சதுர மில்லிமீட்டருக்கும், 3/20 ஏறத்தாழ 2-க்கும், 7/20 ஏறத்தாழ 4.6-க்கும் சமம். புதிய கணக்கில் எண் ஏறினால் கம்பி பருக்கும் என்பதைப் பழைய கணக்கில் பழகியவர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

கனம் ஏன் முக்கியம்? கம்பியின் வழியே மின்னோட்டம் செல்லும்பொழுது அது சூடேறுகிறது. இச்சூடு மின்னோட்டத்தின் அளவுக்கு நேராக ஏறுவதன்று. அதன் இருமடிக்கு ஏற்ப ஏறுவது. 10 ஆம்பியர் ஓடிய கம்பியில் 15 ஆம்பியர் ஓடினால், சூடு ஒன்றரை மடங்கு ஆகாது. இரண்டே கால் மடங்கு ஆகும். கம்பியின் மேலுள்ள சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி சென்டிகிரேடு வரையே நெடுநாள் தாங்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், ஓட்டுக் கூரையின் கீழ் காற்றே 40 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. ஆகவே கம்பிக்கு மிஞ்சியிருக்கும் இடம் 30 டிகிரிதான். அதே குழாய்க்குள் பத்துக் கம்பிகளை நெருக்கித் திணித்தால், ஒன்றின் சூடு மற்றொன்றைச் சுட, அந்த இடமும் சுருங்கிவிடுகிறது.

நம் உறுப்பினர்களின் வீடுகளில் நடப்பது என்ன? முதலில் இரண்டு விளக்குகளும் ஒரு விசிறியும் மட்டும். அதற்கென 1 சதுர மில்லிமீட்டர் கம்பி போதும், அதையே போடுகிறார்கள். பின்னர் தார் சுற்றும் எந்திரத்திற்கு ஒரு சிறு மோட்டார் வருகிறது. அடுத்து மாவரைக்கும் எந்திரம், நீரிறைக்கும் மோட்டார், துணி தேய்க்கும் பெட்டி. சில ஆண்டுகளில் விசைத்தறியே வந்துவிடுகிறது. ஒவ்வொன்றும் ஏற்கெனவே உள்ள பலகையிலிருந்து இழுக்கப்படுகிறது. சுவருக்குள் இருக்கும் அந்த முதற்கம்பியை எவரும் நினைப்பதில்லை. பியூஸ் அடிக்கடி போகத் தொடங்குகிறது. எச்சரிக்கை செய்த பியூஸைக் குற்றவாளியாக்கி, அதில் நான்கு இழை செப்புக் கம்பியை முறுக்கிக் கட்டிவிடுகிறோம். அன்று முதல் அந்த வீட்டில் பியூஸாக வேலை செய்வது சுவருக்குள் இருக்கும் கம்பிதான். தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசு படியாத மூலை இல்லை என்பதையும் இதனோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே பியூஸும், இக்காலத்தில் அதன் இடத்தைப் பெற்றுள்ள எம்.சி.பி. என்னும் தானியங்கித் துண்டிப்பானும், மோட்டாரைப் பார்த்து மட்டும் அன்றிக் கம்பியைப் பார்த்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பிக்கு 10 ஆம்பியர், 2.5-க்கு 16 ஆம்பியர், 4-க்கு 20 ஆம்பியர் என்று கொள்வது பாதுகாப்பான வழக்கம். துண்டிப்பான் அடிக்கடி விழுகிறதென்றால் மாற்ற வேண்டியது பெரும்பாலும் கம்பியையே. கம்பியை விட்டுத் துண்டிப்பானை மட்டும் பெரிதாக்குதல் கூடாது.

சூட்டைப் போலவே தொலைவும் கவனிக்கத்தக்கது. இது தறிக்காரரைவிடத் தோட்டக்காரருக்கு மிகுதியாகப் பொருந்தும். வீட்டுப் பலகையிலிருந்து 100 மீட்டர் அப்பால் கொட்டகையில் ஒரு குதிரைத்திறன் ஒற்றை பேஸ் மோட்டார் இருப்பதாகக் கொள்வோம். அது ஓடும்பொழுது சுமார் 6 ஆம்பியர் வாங்கும். போகும் கம்பியும் திரும்பும் கம்பியுமாக நீளம் 200 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் தடை 1000 மீட்டருக்குச் சுமார் 12 ஓம். நமது 200 மீட்டருக்கு 2.4 ஓம். ஆறையும் 2.4-ஐயும் பெருக்கினால் 14 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடுகிறது. அத்துடன் 86 வாட் மின்சாரம் கம்பியைச் சுடவைப்பதற்கே செலவாகிறது. மீட்டர் அதையும் எண்ணிக்கொள்கிறது.

ஓடும்பொழுது நிலை இதுவென்றால், கிளம்பும்பொழுது நிலை இன்னும் மோசம். நின்ற மோட்டார் கிளம்புகையில் ஓடும் அளவைப்போல் ஐந்து, ஆறு மடங்கு மின்னோட்டத்தைக் கேட்கும். அப்பொழுது அந்த மெல்லிய கம்பியின் மறுமுனையில் 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வோல்ட் அளவே நிற்கும். மோட்டாரின் சுழற்று விசை வோல்ட்டின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், ஐந்தில் மூன்று பங்கு விசையே மிஞ்சும். பாரத்தோடு நிற்கும் மோட்டார் கிளம்ப மாட்டாமல் உறுமிக்கொண்டே நிற்பதும், சிறிது நேரத்தில் காயில் கருகுவதும் இதனால்தான். மோட்டார் கம்பெனியைத் திட்டுகிறோம். காயில் கட்டக் காசு கொடுக்கிறோம். மறுபடியும் அதே கம்பியில் கொண்டுபோய் மாட்டுகிறோம். அவ்விடத்தில் 4 சதுர மில்லிமீட்டர் கம்பி இருந்திருப்பின், ஓடும்பொழுது இழப்பு ஆறு வோல்ட்டுக்கும் குறைவு. கிளம்பும்பொழுதும் 210 வோல்ட் அளவில் நிற்கும். கம்பிக்கு ஒருமுறை கொடுக்கும் கூடுதல் விலை, இரண்டு முறை காயில் கட்டும் கூலியோடு ஒப்பிடத்தக்கது.

இனிக் கம்பியின் உலோகம். செம்பு, அலுமினியம் ஆகிய இரண்டே நம் கவனத்திற்குரியவை. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பினுடையதில் சுமார் 61 விழுக்காடு. ஆகவே ஒரே தடைக்கு அலுமினியக் கம்பி 1.6 மடங்கு பருமனாக இருக்க வேண்டும். அப்படிப் பருத்தும் அதன் எடை செம்பில் பாதிதான், விலையும் குறைவு. ஆதலால் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் செல்லும் வழிகளுக்கும், மண்ணில் புதைக்கும் பருத்த கேபிள்களுக்கும் அலுமினியம் தக்கதே. வீட்டுக்குள் சிறு சிறு ஸ்விட்சுகளில் முறுக்கப்படும் மெல்லிய கம்பிக்கு அது தகாது. காற்றுப் பட்டதும் அதன்மேல் படியும் ஆக்ஸைடு படலம் மின்சாரத்தைக் கடத்தாது. திருகாணியின் அழுத்தத்தில் அது நாளடைவில் நசுங்கி நழுவும். சூட்டில் செம்பைவிட மிகுதியாக விரிந்து சுருங்கும். பித்தளையோடு சேர்ந்து ஈரம் பட்டால் அரிக்கும். இவை யாவும் கூடி இணைப்பைத் தளர்த்த, தளர்ந்த இடம் சூடேற, சூடேறிய இடம் மேலும் தளர்கிறது. அமெரிக்காவில் சுமார் 1965 முதல் 1973 வரை செம்பு விலை ஏற்றத்தினால் வீடுகளில் அலுமினியக் கம்பி போட்டார்கள். 1972-க்கு முன் செய்யப்பட்ட அத்தகைய கம்பியுள்ள வீடுகளில் இணைப்புகள் தீப்பற்றும் நிலையை அடையும் வாய்ப்பு, செப்புக் கம்பி வீடுகளைவிட 55 மடங்கு அதிகம் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பின்னர் அறிவித்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எமது சங்கத்தின் நூல் கிடங்கிலும் இதைக் கண்ணாரக் கண்டோம். மாலையில் கிடங்கைப் பூட்டப் போன எழுத்தருக்குக் கருகல் நாற்றம் பட்டது. பலகையைக் கழற்றிப் பார்த்தால், பழைய அலுமினியக் கம்பி ஒன்று திருகாணியின் கீழ் தளர்ந்து, இரண்டு அங்குல நீளத்திற்கு உறை கரியாகியிருந்தது. அதன் கீழே நூல் பேல்கள் அடுக்கப்பட்டிருந்தன. பியூஸ் போகவில்லை, போகவும் போகாது. ஏனெனில் ஓடிய மின்னோட்டம் அளவுக்குள்தான் இருந்தது. அளவுமீறிய மின்னோட்டத்தைப் பியூஸ் அறியும். கெட்ட இணைப்பை அது அறியாது. அதை அறிய, ஆண்டுக்கொரு முறை மெயினை அணைத்துவிட்டு உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டு திருகாணிகளை இறுக்கிப் பார்ப்பதே வழி.

உறையின் கதை தனி. 1932-இல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, நம் மேற்குப் பகுதிகளில் ஆலைகள் மின்விசைக்கு மாறிய நாட்களில், கட்டடங்களில் போடப்பட்டவை ரப்பர் உறையிட்ட கம்பிகளே. தேக்குச் சட்டத்தின்மேல் கிளிப்புகள் அடித்து அவற்றை ஓட்டுவார்கள். ரப்பர் சில பத்தாண்டுகளில் உலர்ந்து, தொட்டால் உதிரும். பழைய வீடுகளில் அத்தகைய கம்பி இன்னும் இருக்குமாயின், அதனைப் பழுதுபார்க்க முயலாமல் அடியோடு எடுத்துவிடுவதே நலம். இன்று வழக்கிலுள்ள பி.வி.சி. உறையில் தரங்கள் உண்டு. எஃப்.ஆர். என்று அச்சிட்டது தீயை எளிதில் பரவ விடாதது. எஃப்.ஆர்.எல்.எஸ். என்பது, அத்துடன், எரிந்தாலும் புகையையும் நச்சு வாயுவையும் குறைவாக வெளியிடுவது. சாதாரணப் பி.வி.சி. எரிகையில் வெளிவரும் அமிலப் புகை மூச்சை அடைக்கும். ஒரே வாயில் உள்ள தறிக்கூடத்தில் அப்புகை தீயைவிட முந்திக்கொள்ளும். நூலும் துணியும் குவிந்த இடங்களுக்கு எஃப்.ஆர்.எல்.எஸ். வாங்குதல் தகும். ஆனால் இவ்வெழுத்துகள் இருப்பதனால் மட்டும் கம்பி கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்கும் என்று எண்ணலாகாது. மற்றொன்று: விளக்குத் தொங்கவிடவும் எந்திரத்தைச் செருகவும் உள்ள மெல்லிய வளைகம்பியைச் சுவரில் ஆணியடித்து நிரந்தர ஒயரிங்காக ஓட்டுவது பெருந்தவறு.

நிறங்களையும் அறிந்திருத்தல் வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவை பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை, அல்லது மஞ்சள் கோடிட்ட பச்சை, எர்த். செலவைக் குறைப்பதற்காக முதலில் விட்டுவிடப்படுவது இந்தப் பச்சைக் கம்பியே. குழித்தறியில் ஈரத்தரையில் காலூன்றி இருப்பவருக்கும், சாயத்தொட்டி அருகில் நிற்பவருக்கும் மோட்டார் உடலில் கசியும் மின்சாரத்திலிருந்து காவல் அந்தக் கம்பிதான். அதனோடு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மெயின் பலகையில் பொருத்திக்கொள்ளலாம்.

கடைக்குச் செல்லும் உறுப்பினர்கள் சுருளின்மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் உண்டா என்று பார்க்கவும். சுருளின் வழக்கமான நீளம் 90 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் சுருளில் செம்பு மட்டும் சுமார் 2 கிலோ இருக்க வேண்டும். கையில் தூக்கினாலே மிக இலேசாக இருக்கும் சுருளை ஐயுற வேண்டும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியும் செம்பென்று விற்கப்படுகிறது. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் தெரியும்: மேலே சிவந்து உள்ளே வெளுத்திருந்தால் அது அலுமினியம். பழைய ரப்பர் கம்பிகளில் இதற்கு நேர்மாறாக, மேலே வெளுத்து உள்ளே சிவந்திருக்கும். ரப்பரிலுள்ள கந்தகம் செம்பைத் தின்னாதிருக்க அந்நாளில் ஈயம் பூசினார்கள். அது கலப்படம் அன்று.