மண்ணெண்ணெய்க் காலத்து வெடி: பழைய கார் ஏன் இன்னும் சத்தமிடுகிறது?

நெடுநாள் கொட்டிலில் நின்ற அப்பாவின் மொறிஸ் மைனரை ஒரு நாள் காலை வீதிக்கு எடுத்தேன். சந்திக்குக் கிட்ட வேகத்தைக் குறைக்கக் காலை எடுத்ததுதான், சைலன்சர் பெரிய சத்தத்துடன் வெடித்தது. வேலியோரம் குடத்துடன் போய்க்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் குடத்தைப் போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் தலையை மூடியபடி மதிலோடு குந்திவிட்டார். காரை நிறுத்திவிட்டு ஓடிப்போய்த் தூக்கினேன். நடுக்கம் அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு காரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உது உன்ரை கொப்பரின்ரை கார் எல்லே? அந்த நாளிலையும் உப்பிடித்தான் வெடிச்சது. அப்ப மண்ணெண்ணெய். இப்ப பெற்றோல்தானே, பிறகேன் மோனை வெடிக்குது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் போனதில் அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் ஒரு மொறிஸ் மைனரோ ஒஸ்ரினோ நிற்பவர்களுக்கு இது உதவக்கூடும்.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியபின் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. ஆனாலும் எங்கள் பழைய கார்கள் நிற்கவில்லை. சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலைக் காபரேட்டருக்குள் சில துளி விட்டு, முன்னால் கம்பி போட்டுச் சுற்றி இஞ்சினை எழுப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். நோயாளியையும் பிள்ளைப்பேற்றுக்காரியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை இப்படி ஓடிய கார்கள்தான். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அப்பா எங்களைத் தென்மராட்சிக்குக் கொண்டுபோனதும் இதே காரில்தான்.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. இஞ்சின் போதிய சூடில்லாவிட்டால் அரைகுறையாக எரியும். எரியாத மிச்சம் சைலன்சருக்குள் போய்த் தேங்கும். அடுத்துச் சூடான புகை வரும்போது அங்கே தீப்பற்றி வெடிக்கும். அதோடு, மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு குறைவு. பெற்றோலுக்கு வைத்த நேரத்தில் தீப்பொறி அடித்தால் இஞ்சின் 'டக் டக்' என்று தட்டும். அதனால் மெக்கானிக்மார் டைமிங்கைப் பின்தள்ளி வைத்தார்கள். எண்ணெய் கூடுதலாக வர, காபரேட்டரின் ஜெற் நட்டையும் கீழே இறக்கினார்கள். அன்றைக்கு அது சரியான வேலை.

எங்கிருந்து வெடிக்கிறது?

காரைப் பார்க்க வந்த பழைய மெக்கானிக் ஐயா எந்தச் சாவியையும் கையில் எடுக்க முதல் கேட்டது ஒன்றுதான்: "முன்னாலையோ, பின்னாலையோ?"

சத்தம் முன்னால், காபரேட்டர் வழியாகத் தும்மல் போல வந்தால் பெரும்பாலும் எரிபொருள் போதாது, காற்று கூட. அல்லது உள்வால்வு சரியாக மூடவில்லை. பின்னால் சைலன்சரில் வந்தால் எரிபொருள் கூட, அல்லது தீப்பொறி பிந்துகிறது, அல்லது இடையிடையே அடிக்காமல் விடுகிறது. பிளக் வயர்கள் மாறியிருந்தால் இரண்டு பக்கமும் வெடிக்கும்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலும் விளங்கும். இள மண்ணிறம் என்றால் நல்லது. கரிக்கறுப்பு என்றால் எரிபொருள் கூட. வெள்ளை என்றால் குறைவு. எங்கள் காரின் நாலு பிளக்கும் அடுப்புக்கரி போல இருந்தன.

முதலில் தீப்பொறி

காபரேட்டரில் கை வைக்க முதல் தீப்பொறியைச் சரிபார்க்க வேண்டும் என்பது ஐயாவின் கண்டிப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் திருகினால் எது பிழை என்று ஒருநாளும் பிடிபடாது.

மொறிஸ் மைனரில் தீப்பொறி அடிக்கும் ஒழுங்கு 1, 3, 4, 2. டிஸ்ரிபியூட்டர் மூடியில் வயர்கள் கடிகாரமுள்ளுக்கு எதிர்த் திசையில் இதே ஒழுங்கில் இருக்க வேண்டும். மூடியில் மயிரளவு வெடிப்பு இருந்தாலும் தீப்பொறி வேறு வழியால் பாயும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு இஞ்சினை ஓடவிட்டால் அந்தக் கசிவு கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது பொயின்ற். அதன் இடைவெளி அங்குலத்தில் 14 முதல் 16 ஆயிரத்திலொரு பங்கு, அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர். பிளக் இடைவெளி ஏறத்தாழ 0.64 மில்லிமீற்றர். பொயின்ற் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் கொண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும். அது பழுதானால் தீப்பொறி மெலியும், எரியாத எண்ணெய் சைலன்சருக்குப் போகும்.

பிறகு டைமிங். முதலாவது பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தில் பெருவிரலை வைத்துக்கொண்டு, கம்பியால் இஞ்சினை மெல்லச் சுற்ற வேண்டும். காற்று விரலைத் தள்ளும்போது அந்தச் சிலிண்டர் அமுக்கத்துக்கு வருகிறது. முன் புலியில் உள்ள வெட்டு, கைநூலில் சொன்ன குறிக்கு வரும்வரை சுற்றி நிறுத்த வேண்டும். இனி ஒரு 12 வோல்ற் பல்பின் ஒரு முனையை டிஸ்ரிபியூட்டரின் மெல்லிய வயர் முனையிலும் மற்றதை இஞ்சின் உடலிலும் தொடுத்துச் சுவிச்சைப் போட வேண்டும். பொயின்ற் திறக்கும் கணத்தில் பல்ப் எரியும். குறிக்கு வரும்போது எரிந்தால் சரி. குறி தாண்டிய பிறகு எரிந்தால் தீப்பொறி பிந்துகிறது.

எங்கள் காரில் குறி தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் பல்ப் எரிந்தது. ஐயா சிரித்தார். "தம்பி, இது இன்னும் மண்ணெண்ணெய்க்குத்தான் நிக்குது."

தடைக்காலத்தில் பின்தள்ளிய டைமிங். பிறகு பெற்றோல் வந்தது. கார் ஓடியது, அதனால் ஒருவரும் அதைத் தொடவில்லை. தீப்பொறி பிந்தினால் எரிந்து முடிய முதலே வெளிவால்வு திறந்துவிடும். எரிந்துகொண்டே புகைக்குழாய்க்குள் போகும். டிஸ்ரிபியூட்டர் பிடியைத் தளர்த்தி, உள்ளே றோட்டர் சுற்றும் திசைக்கு எதிராக மெல்லத் திருப்பினால் டைமிங் முன்னுக்கு வரும்.

பிறகு எரிபொருள்

எஸ்யூ காபரேட்டரில் கீழுள்ள ஜெற் நட்டை மேலே திருகினால் எரிபொருள் குறையும், கீழே இறக்கினால் கூடும். எங்களுடையது நன்றாக இறங்கியிருந்தது. இஞ்சின் சூடாக ஓடும்போது பிஸ்ரனைச் சிறிதளவு, ஒரு மில்லிமீற்றர்கூட வராத அளவு, தூக்கிப் பார்க்க வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் எரிபொருள் கூட. இஞ்சின் அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் சற்றுக் கூடிப் பழையபடி வந்தால் அளவு சரி.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் மாதக்கணக்கில் நின்ற வாகனங்களில் வேறொரு கோளாறு வரும். பழைய பெற்றோல் பசை போலப் படிந்து ஜெற்றை அடைக்கும். அப்போது முன்பக்கத் தும்மல் வரும். தாங்கியையும் மிதவைக் கிண்ணத்தையும் கழுவ வேண்டும். காபரேட்டரின் மேல் மூடியைத் திறந்து ஒயில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது வற்றினால் அக்சிலரேட்டரை மிதித்த உடன் தும்மும்.

காலை எடுக்கும்போது மட்டும் பின்னால் வெடித்தால், புகைக்குழாய் இணைப்புகளில் ஓட்டை தேடுங்கள். அதனூடாகக் காற்றுப் புகுந்து, எரியாத எண்ணெயுடன் சேர்ந்து பற்றும். எங்கள் காரிலும் ஓர் இணைப்பின் கஸ்கற் எரிந்து போயிருந்தது.

இவ்வளவும் செய்தும் நிற்காவிட்டால் வால்வுகள்தான். குளிர்ந்த இஞ்சினில் இடைவெளி 0.30 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். வால்வு எரிந்திருந்தால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. வடிகட்டியைக் கழற்றிவிட்டுக் காபரேட்டருக்கு மேல் முகத்தை வைத்துப் பார்க்காதீர்கள். முன்பக்க வெடியில் தீ வெளியே வரும். பெற்றோல் போத்தலைக் கிட்ட வைக்கவும் வேண்டாம். ஓடும்போது சுவிச்சை அணைத்துப் போட்டு விளையாட்டுக்கு வெடிக்கவைக்கும் பழைய பழக்கத்தை எங்கள் ஊர்களில் முற்றாக விட்டுவிடுவது நல்லது. யார் வீட்டு மதிலோரம் யார் நிற்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

வேலை முடிய இரண்டு நாள் எடுத்தது. கஸ்கற்றும் கொண்டென்சரும் மட்டுமே புதிதாக வாங்கினோம். மற்றதெல்லாம் இருந்ததைச் சரிசெய்ததுதான்.

அடுத்த கிழமை ஆச்சியின் வீட்டுப் பக்கம் மெல்ல ஓட்டிப்போனேன். காலை எடுத்தேன். சத்தமில்லை. அவர் படலையில் நின்று பார்த்தார். "இப்ப பெற்றோலுக்கு மாத்தியாச்சு ஆச்சி" என்றேன். "முப்பது வருசம் செண்டே மோனை?" என்று கேட்டுவிட்டு, வந்து முன்சீற்றில் ஏறி இருந்தார். கோயிலடி வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.