உஷார்! உங்கள் பாட்டைக் குறிவைத்து வருகிறார்கள்

"அண்ணா வணக்கம், உங்க டிராக் கேட்டோம், வேற லெவல். 15 நாள்ல ஒரு லட்சம் ஸ்ட்ரீம் கேரண்டி. எல்லாமே ஆர்கானிக். ஜிபே பண்ணீங்கன்னா இன்னைக்கே ஸ்டார்ட் பண்ணிடலாம்." இப்படி ஒரு மெசேஜ் உங்கள் இன்ஸ்டாகிராமுக்கு வந்திருக்கிறதா? தயவுசெய்து பதில் போடாதீர்கள். பணம் போகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பாட்டே போய்விடும்.

டிஜிட்டல் இசை விநியோகத்தில் வேலை பார்க்கிறவன் நான். சுயாதீனக் கலைஞர்களின் பாடல்களைத் தளங்களில் ஏற்றுவது, வருகிற ராயல்டியைப் பிரித்துக் கொடுப்பது, புகார் வந்தால் பதில் எழுதுவது, இதுதான் அன்றாடம். இப்போதெல்லாம் புகார்தான் பெரும்பாடு. நகையை அடகு வைத்து ரெக்கார்டிங் செய்த பிள்ளைகளின் பாட்டுகள் தளத்திலிருந்து தூக்கப்படுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஒரு கணக்கைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். தென்மாவட்டத்துப் பையன். பறையும் கிதாரும் கலந்த ஒரு நல்ல பாட்டு. முதல் இரண்டு வாரம் தினமும் நாற்பது, ஐம்பது பேர் கேட்கிறார்கள். ஊர்ப் பட்டியலில் மதுரை, கோவை, கோலாலம்பூர், டொரன்டோ. கேட்டவர்களில் பத்துக்கு ஒருவராவது பாட்டைச் சேமித்து வைக்கிறார். ஆரோக்கியமான ஆரம்பம். திடீரென்று ஒரு செவ்வாய்க்கிழமை வரைபடத்தின் கோடு செங்குத்தாக எழுகிறது. ஒரே நாளில் பல ஆயிரம் ஸ்ட்ரீம். ஊர்ப் பட்டியலில் முதலிடம் ஹெல்சிங்கி. பின்லாந்துத் தலைநகரில் நம்ம ஊர்ப் பறைக்கு ஓர் இரவில் அவ்வளவு ரசிகர்கள் முளைக்க முடியாது. அத்தனை பேரும் 30 விநாடியைத் தாண்டிய சில நொடிகளில் அடுத்த பாட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்கில் ஏறும். சேமித்தவர் ஒருவர்கூட இல்லை. பையனிடம் கேட்டால், "புரமோஷனுக்கு ஒருத்தர்கிட்ட பணம் குடுத்தேன் சார், பிளேலிஸ்ட்ல போடறேன்னு சொன்னார்" என்கிறான். அவனுக்குத் தெரியாது, அந்த பிளேலிஸ்ட்டைக் கேட்டவர்கள் மனிதர்களே இல்லை என்று.

அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். செயற்கை ஸ்ட்ரீம் என்று முத்திரை விழுந்தால் அந்த ஸ்ட்ரீமுக்கு ராயல்டி கிடையாது. அப்பட்டமான மோசடி என்று தெரிந்தால், பாட்டுக்கு 10 யூரோ அளவில் விநியோக நிறுவனத்திடமே அபராதம் வாங்கும் முறையை 2024-ல் ஸ்பாட்டிஃபை கொண்டுவந்தது. பல விநியோகஸ்தர்கள் அதைக் கலைஞரின் கணக்கிலேயே கழித்துவிடுகிறார்கள். பாட்டை நீக்குவதும் உண்டு, கணக்கையே மூடுவதும் உண்டு. உண்மையாகக் கேட்ட அந்த மதுரைக்காரர்களின் ஸ்ட்ரீம் எண்ணிக்கையும் அதோடு சேர்ந்து போகிறது. மறுபடி ஏற்றினாலும் பழைய எண்ணிக்கை கூடவே வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அதே 2024-ல் இன்னொரு விதியும் வந்தது. கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் ஒலிப்பதிவு ராயல்டி இல்லை. இந்த விதி வந்ததுதான் தாமதம், "ஆயிரத்தைத் தாண்டி விடுகிறோம்" என்று ஒரு கூட்டம் கடை திறந்துவிட்டது. ஏழைக் கலைஞனின் பயத்தை முதலாக வைத்து நடக்கிற வியாபாரம் இது. எனக்கு இதில் கோபம் அதிகம், மறைக்க விரும்பவில்லை.

தளங்கள் ஏன் இவ்வளவு கெடுபிடி செய்கின்றன? சந்தா, விளம்பரப் பணம் எல்லாம் ஒரே உண்டியலில்தான் விழுகிறது. மொத்த ஸ்ட்ரீமில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். போலி ஸ்ட்ரீம் ஒன்று கூடினால், நேர்மையாகப் பாடியவனின் பங்கு அந்த அளவுக்குக் குறையும். பிரான்ஸின் தேசிய இசை மையம் 2023 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், 2021-ல் அந்நாட்டு ஸ்ட்ரீம்களில் 1 முதல் 3 சதவீதம் வரை மோசடி என்று தெரியவந்தது. கண்டுபிடிக்க முடிந்தது மட்டுமே அவ்வளவு. அமெரிக்காவின் வட கரோலைனாவைச் சேர்ந்த மைக்கேல் ஸ்மித் என்பவர், செயற்கை நுண்ணறிவில் லட்சக்கணக்கான பாட்டுகளை உருவாக்கி, பாட் எனப்படும் தானியங்கி நிரல்களை வைத்துக் கோடிக்கணக்கான முறை ஓட்டி, 1 கோடி டாலருக்கு மேல் ராயல்டி சுருட்டினார் என்று 2024 செப்டம்பரில் நியூயார்க் அரசு வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டினார்கள். டீஸர் இசைத் தளத்துக்கு 2025 ஜனவரியில் நாளொன்றுக்குச் சுமார் 10,000 செயற்கை நுண்ணறிவுப் பாட்டுகள் வந்தன. நவம்பரில் அது 50,000 ஆனது. அப்படிப்பட்ட பாட்டுகளுக்கு வரும் ஸ்ட்ரீம்களில் 70 சதவீதம் வரை மோசடி என்று 2025-ல் சொன்னது அந்த நிறுவனம். இந்த வெள்ளத்தைத் தடுக்க வலையை இறுக்குகிறார்கள். இறுக்கிய வலையில் திமிங்கிலத்தோடு நெத்திலியும் மாட்டுகிறது. நெத்திலிக்கு வக்கீல் வைக்க வசதியில்லை.

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதவர்களும் மாட்டுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்பின் தெரியாத பிளேலிஸ்ட்டில் உங்கள் பாட்டை இந்தப் புரமோஷன்காரர்கள் தாங்களாகவே போடுவார்கள். இரண்டு நாள் எண்ணிக்கை ஏறும். பிறகு, "பாத்தீங்களா ரிசல்ட்? தொடரணும்னா இவ்வளவு" என்று மெசேஜ் வரும். ஆகவே வாரம் ஒருமுறையாவது டேஷ்போர்டில் ஊர்ப் பட்டியலையும் பிளேலிஸ்ட் பட்டியலையும் பாருங்கள். அறியாத பிளேலிஸ்ட் தெரிந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் பக்கத்தில் உள்ள புகார்ப் படிவத்தில் அன்றைக்கே போட்டுவிடுங்கள். விநியோகஸ்தருக்கும் ஒரு மெயில். நோட்டீஸ் வருவதற்கு முன்னால் எழுதிய மெயிலுக்கு இருக்கும் மதிப்பு, வந்தபின் எழுதும் விளக்கத்துக்கு இருக்காது. ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழு நடத்தும் பிளேலிஸ்ட்டுக்குப் பாட்டைப் பரிந்துரைக்கக் கட்டணமே கிடையாது. வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் நீங்களே அனுப்பலாம். "எடிட்டர் என் நண்பர்" என்று பணம் கேட்பவன் பொய் சொல்கிறான்.

இதே ஆட்கள் வலைவீசும் இன்னொரு இடம் இசைத் தொழில் கான்ஃபரன்ஸ். மும்பையில் ஆல் அபவுட் மியூசிக், அமெரிக்காவின் ஆஸ்டினில் 1987 முதல் நடக்கும் சவுத் பை சவுத்வெஸ்ட், ஹாம்பர்க்கில் ரீப்பர்பான் என்று இந்தத் தொழிலில் சந்திப்புகள் நிறைய. போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கிடைக்கும் அறிமுகம் ஆறு மாத மெயிலில் கிடைக்காது. ஆனால் கழுத்தில் பேட்ஜ் தொங்குகிறது என்பதாலேயே ஒருவர் நம்பகமானவர் ஆகிவிடமாட்டார். கட்டணம் கட்டிய யாருக்கும் பேட்ஜ் கிடைக்கும். மெசேஜில் வந்த அதே ஆள் இங்கே கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார்.

நீங்கள் பதிவு செய்த மறுநாளே மெயில்கள் வரத் தொடங்கும். "கலந்துகொள்வோர் பட்டியல் விற்பனைக்கு" என்பது ஒன்று. பெரும்பாலும் அப்படி ஒரு பட்டியலே அவர்களிடம் இருக்காது. "அதிகாரபூர்வ ஹோட்டல் ஏற்பாட்டாளர்" என்று சொல்லி, கார்டு எண் கேட்டு வரும் போன் இன்னொன்று. அறை விஷயத்தை நிகழ்ச்சியின் சொந்த இணையதளம் வழியாக மட்டும் பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு மேடை தருகிறோம், விருது தருகிறோம் என்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வெளிநாட்டு மேடை என்றால் விசாவில் அசட்டை வேண்டவே வேண்டாம். 2017 மார்ச்சில் இத்தாலியின் சோவியத் சோவியத் இசைக்குழு சவுத் பை சவுத்வெஸ்ட்டில் வாசிக்கப் போனது. விளம்பர நிகழ்ச்சிதானே, விசா இல்லாமல் நுழையும் சலுகை போதும் என்று நம்பினார்கள். சியாட்டில் விமான நிலையத்திலேயே மடக்கி, இரவு முழுக்கக் காவலில் வைத்து, திருப்பி அனுப்பிவிட்டார்கள். "டூரிஸ்ட் விசால போய் வாசிச்சிட்டு வந்துடலாம்" என்று ஏஜென்ட் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார்.

தனியாகப் போகும் தங்கைகளுக்கு ஒன்று. பேச்சுவார்த்தை எதுவானாலும் லாபியில், காபி ஷாப்பில், நாலு பேர் நடமாடும் இடத்தில். "ரூம்ல டெமோ கேக்கலாம்" என்று அழைப்பவர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல வாய்ப்பு மறுநாள் காலையிலும் இருக்கும்.

கான்ஃபரன்ஸில் நான் மிகவும் அஞ்சுவது ஒப்பந்தத்துக்குத்தான். இரண்டாம் நாள் மாலை, களைப்பும் உற்சாகமுமாக இருக்கும்போது டேப்லெட்டை நீட்டுவார்கள். "ஸ்டாண்டர்ட் அக்ரிமென்ட்தான், விரலால ஒரு கையெழுத்து." அங்கேயே போடாதீர்கள். நம் காப்புரிமைச் சட்டம் உங்களுக்குச் சாதகமாகச் சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால், உரிமை மாற்றம் 5 ஆண்டுக்கு மட்டும். எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால், இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, அது காலாவதி. அந்தக் கதவுகளை மூடத்தான் "நிரந்தரமாக", "பிரபஞ்சம் முழுவதும்", "இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா வடிவங்களிலும்" என்ற சொற்களை உள்ளே நுழைக்கிறார்கள். பிரபஞ்சம் என்று படித்தால் சிரிப்பு வரலாம். அந்தச் சொல் உண்மையாகவே ஒப்பந்தங்களில் இருக்கிறது, அதன் பலனும் உண்மையானது.

"அவுட்ரைட்டா குடுத்துடுங்க, அப்புறம் எந்த க்ளெய்மும் இல்ல" என்பார்கள். இந்திக் கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் வாதாடிய 2012 காப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையை விட்டுக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் மாற்றித் தரலாம். ஆனால் அந்தப் பணத்தை வசூலிக்க ஐபிஆர்எஸ் என்ற காப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். பாடகர்களுக்கு ஐஎஸ்ஏஎம்ஆர்ஏ (முன்பு ஐஎஸ்ஆர்ஏ) என்ற சங்கம் இருக்கிறது. பெரும்பாலான புதியவர்கள் சேருவதே இல்லை. வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் என்ற கடைசிப் பக்கத்து வரியையும் படியுங்கள். லண்டன் என்று போட்டிருந்தால் சட்டம் உங்கள் பக்கம் இருந்தும் விமான டிக்கெட்டுக்கு எங்கே போவீர்கள்?

பெரிய வெற்றி வந்தால் எல்லாம் தானாகச் சரியாகும் என்று நினைக்க வேண்டாம். 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' உலகமெல்லாம் ஒலித்தது. அதிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் தன் தரப்பைத் தனியாக விளக்கியது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. அவ்வளவு புகழ்பெற்றவர்களுக்கே மூன்றாண்டு கழித்தும் கணக்கு தீரவில்லை என்பதை மட்டும் பாருங்கள்.

கையெழுத்தைப் போலவே ஃபைலிலும் கவனம் வேண்டும். வெளிவராத பாட்டை ஓப்பன் லிங்கில் யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்களுக்கு முன்னால் வேறு யாராவது ஏற்றிவிட்டால், உங்கள் பாட்டுக்கு உங்கள் மேலேயே யூடியூபில் கன்டென்ட் ஐடி க்ளெய்ம் வரும். அரிசோனாவில் இரண்டு பேர் தங்களுக்குச் சொந்தமில்லாத 50,000-க்கும் மேற்பட்ட பாடல்களைத் தங்களுடையது என்று காட்டி, 2 கோடி டாலருக்கு மேல் யூடியூப் ராயல்டி எடுத்தார்கள். அவர்களில் ஒருவருக்கு 2023-ல் 70 மாதச் சிறை. பறிகொடுத்தவர்களில் பலர் லத்தீன் அமெரிக்கச் சின்னக் கலைஞர்கள். குரல் மட்டும் தனியாக உள்ள ஸ்டெம் ஃபைலை இன்னும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான குரல் கிடைத்தால் அதை நகலெடுக்க இன்று அதிக நேரம் பிடிக்காது. 'லால் சலாம்' படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டுப் பயன்படுத்தியபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்ததாக ஏ.ஆர். ரஹ்மான் அறிவித்தார். உங்கள் குரலுக்கும் அதே மரியாதையைக் கேளுங்கள். செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குக் கொடுக்கிறேனா இல்லையா என்பது ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? மறைக்காதீர்கள். புரமோஷனை நிறுத்தச் சொல்லுங்கள், உரையாடலையும் பணம் போன ரசீதையும் சேமியுங்கள், விநியோகஸ்தருக்கு நடந்ததை அப்படியே எழுதுங்கள். ஏமாற்றுப் பேர்வழி என்று தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே போன் போடுங்கள். பணம் பல கை மாறிவிட்டால் மீட்பது கஷ்டம். கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள் என்றால் ஒப்பந்தத்தின் தேதியைப் பாருங்கள். ஓராண்டு தாண்டியும் பாட்டு வெளிவரவில்லையா, காலமும் நாடும் எழுதாமல் விட்டிருக்கிறார்களா, ராயல்டியைத் துறக்கச் சொல்லியிருக்கிறார்களா என்று பார்த்து, காப்புரிமை தெரிந்த வக்கீலிடம் இந்த வாரமே அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.