புழு உள்ளே போகும் முன்

உத்தமர்சீலியில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, எங்களுக்கு அரை ஏக்கர் கத்தரித் தோட்டம். நான்கு நாளைக்கு ஒரு பறிப்பு. விடியுமுன் மூட்டை திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். சொத்தை கண்ணில் பட்டால் விலை விழுந்துவிடும். அந்தப் பயத்தில் அப்பா காலத்தில் வாரம் தவறாமல் மருந்து அடித்தோம். திங்கள்கிழமை அடித்து, புதன்கிழமை பறித்தோம். தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று புட்டியிலேயே போட்டிருக்கும், ஒருநாளும் படித்ததில்லை. அந்தக் காயைத்தான் ஸ்ரீரங்கத்து அத்தை வீட்டுக்கும் கொடுத்தோம். நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

அவ்வளவு அடித்தும் சொத்தை குறையவில்லை. ஒரு காயை நறுக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்புப் புழு, தன் எச்சத்தாலேயே துளையை அடைத்துக்கொண்டு சதைக்குள் கிடந்தது. மேலே அடித்த மருந்து அதை எப்படித் தொடும்? முட்டையிலிருந்து வந்த சில மணி நேரத்திலேயே புழு குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடுகிறது. பிடிப்பதானால் முட்டையிலேயே பிடிக்க வேண்டும்.

அதற்குத்தான் ட்ரைக்கோகிரம்மா அட்டை. தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. ஒரு சி.சி. அட்டையில் ஏறத்தாழ 20,000 முட்டைகள். பெரும்பாலானவற்றுக்குள் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி. அது, இந்தப் புழுவின் தாயான அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். புழு வரவேண்டிய இடத்தில் குளவி வரும். வெயில் தாழ்ந்ததும் அட்டையைத் துண்டாக்கி இலையின் அடியில் பின் அடித்துவிடுவேன். அந்த வாரம் ரசாயனத்தைத் தொடக்கூடாது. முதலில் சாவது குளவிதான்.

அசுவினிக்கு வேப்பங்கொட்டை. 5 கிலோ பருப்பை அம்மா இடித்துத் தருவார். ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு 100 லிட்டராக்கினால் அரை ஏக்கருக்குப் போதும். இலை தின்னும் புழுவுக்குப் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்தும் உண்டு. இலையோடு சேர்த்துத் தின்ற புழுவின் குடல் கெட்டு, இரண்டு மூன்று நாளில் சாகும். அடித்த மறுநாள் புழு உயிரோடிருப்பதைப் பார்த்து, பலரும் பொறுமை இழந்து பழைய புட்டிக்கே திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடன் பொறுமை பார்க்காது.

ரசாயனமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. வெள்ளை ஈ கட்டுமீறினால் அடித்திருக்கிறேன், நாள் கணக்குப் பார்த்து. ஆனால் 2005லேயே காய்கறிக்குத் தடை செய்த மோனோகுரோட்டோபாஸை இன்னும் யாராவது கேட்டால் கோபம் வருகிறது.

இப்போது அத்தைக்குக் காய் கொடுக்கும்போது, கடைசியாக என்ன, எப்போது தெளித்தோம் என்று சொல்லிவிடுவேன்.

"ரெண்டு சொத்தை இருக்கேப்பா?"

"இருக்கும் அத்தை, அந்த எடத்த மட்டும் நறுக்கிப் போட்டுடுங்க."