சவரக் கத்தியும் நம்பிக்கையும்

கொடிய விலங்கைக் கண்டால் அஞ்சி விலகுகின்றோம். ஆயினும், கூரிய கத்தி ஏந்திய ஒருவன்முன் கண்களை மூடிக் கழுத்தை நீட்டி அமர்வதற்கு நாம் சிறிதும் அஞ்சுவதில்லை. அவன் தொழிலின்மீது நாம் வைத்த நம்பிக்கையே அதற்குக் காரணம். அந்நம்பிக்கை பொய்த்தால் யாது நிகழும் என்பதை அச்சமும் நகைப்பும் கலந்து காட்டுவது, டிம் பர்ட்டன் என்பார் இயக்கி 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்வீனி டாட்’ என்னும் ஆங்கிலப் படக்காட்சி.

அதன் கதைச் சுருக்கம் வருமாறு: இலண்டன் நகரில் பெஞ்சமின் பார்க்கர் என்னும் முடிதிருத்துவோன் ஒருவன் இருந்தான். அவன் மனைவியை விரும்பிய நீதிபதி ஒருவன், பொய்க்குற்றஞ் சாட்டி அவனை ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தினான். 15 ஆண்டுகள் கழித்து மீண்ட பார்க்கர், மனைவி நஞ்சுண்ட செய்தியைக் கேட்டு நெஞ்சு கொதித்து, ஸ்வீனி டாட் என்னும் பெயர் பூண்டு பிளீட் தெருவில் கடை திறந்தான். பழிதீர்க்க வாய்த்த முதற் சமயம் தவறவே, அவன் சினம் உலகினர் அனைவர்மீதும் பாய்ந்தது. சவரத்திற்கு வந்தோர் பலர் அவன் கத்திக்கு இரையாயினர். கீழ்க்கடையில் இறைச்சியப்பம் விற்ற லவெட் அம்மையார், அவ்வுடல்களையே தம் அப்பங்களுக்குள் பொதிந்தார். அதுகாறும் ஈயோட்டிய கடையில் கூட்டம் நெருங்கியது! எத்தொழிலினர் இறைச்சி எச்சுவையுடைத்து என அவ்விருவரும் பாடுமிடத்து நாம் நகைக்கின்றோம், நகைத்தபின் நாணுகின்றோம்.

இக்கதை புதியதன்று. 1846-ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனில் ஒரு பென்னி விலையுள்ள வாரப் பத்திரிகையில் தொடர்கதையாய்த் தோன்றி, 1847-இலேயே நாடகமேடை ஏறியது. அதில் அவன் பொருளாசையாற் கொல்பவனே. அநீதிக்குட்பட்டவனாக அவனை மாற்றியவர், பின்னாளில் நாடகம் எழுதிய கிறிஸ்டோபர் பாண்ட். அதனை ஸ்டீபன் சாண்டைம் 1979-இல் இசைநாடகமாக்கினார். அதுவே படத்திற்கு மூலம்.

அக்காலத்து மக்கள் இக்கதையை எளிதில் நம்பியதற்கு ஏது உண்டு. பெருகிவந்த அந்நகரில், தாம் உண்பதைச் சமைத்தவர் யாரென்று அறிந்தவர் சிலரே. ஆர்தர் ஹில் ஹாஸல் என்னும் மருத்துவர் 1851 முதல் கடைப்பண்டங்களை உருப்பெருக்கியால் ஆராய்ந்து, ரொட்டியிற் படிகாரமும் காப்பித்தூளிற் சிக்கரியும் கலந்திருத்தலை வெளிப்படுத்தினார். 1860-இலும் 1875-இலும் கலப்படத் தடைச் சட்டங்கள் பிறந்தன. கதையின் அப்பம் கற்பனையே. அதனைச் சூழ்ந்த ஐயம் கற்பனையன்று.

படத்தின் முடிவே நம் நெஞ்சைச் சுடுகின்றது. முகத்தையும் நோக்காது ஒரு பித்துப் பிடித்த இரவலாட்டியை டாட் கொல்கின்றான். பின்னரே அவள் நஞ்சுக்குத் தப்பிய தன் மனைவி என்று காண்கின்றான். நம்பத்தக்க நீதிபதியால் வஞ்சிக்கப்பட்டவன், தன்னை நம்பி வந்தோரைத் தானே வஞ்சித்தான். அவ்வஞ்சனை அவன் இல்லத்தையே அழித்தது.

நாளை நம்மிற் சிலர் மருத்துவராவோம். சிலர் நீதிமன்றம் புகுவோம். சிலர் வாணிகம் செய்வோம். நம்மை முன்பின் அறியாதோர் நம்பிக் கழுத்தை நீட்டுவர். அவ்வமயம் நம் கையிலுள்ள கருவி யாதாயினும், அதனை ஏந்தும் கை தூயதாய் இருத்தல் வேண்டும்.